வாசனா, செட்டியாரா?

படக்கம்பெனி தொடங்கப் போகிறேன், யார் வழியில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: ஜெமினி எஸ்.எஸ். வாசன், ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொடக்கம்
வாசன்: 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய பத்திரிகைக்காரர்.
செட்டியார்: இசைத்தட்டு வியாபாரி.

செலவு
வாசன்: கையை அடக்கவே மாட்டார். 1948-இல் வந்த சந்திரலேகாவில் ஆள் உயரத்துக்கு மேல் முரசுகள், அதன் மேல் ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வருவார்கள், அப்புறம் அதே படத்தை இந்தியிலும் எடுத்து வடக்கே கொண்டுபோய் விளம்பரத்தாலேயே அதிர வைத்தார். (அந்தத் துணிச்சல் எனக்குச் சத்தியமாக வராது.)
செட்டியார்: அளந்து செலவழிப்பவர். காரைக்குடியில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார், 1947-இல் நாம் இருவர் அங்கிருந்துதான் வந்தது. அதற்கு முன்பே கன்னட ஹரிச்சந்திராவைத் தமிழில் டப்பிங் செய்து பார்த்தவர்.

நிலைப்பு
வாசன்: ஸ்டூடியோ போய்விட்டது, ஜெமினி மேம்பாலத்தில் பெயர் மட்டும் மிச்சம். விகடன் இருக்கிறது.
செட்டியார்: சென்னை வடபழனியில் ஸ்டூடியோ, மகன்கள், பேரன்கள் என்று தொடர்ந்தது.

விளம்பரம் கைவந்த கலை, நஷ்டம் தாங்கும் இன்னொரு தொழிலும் இருக்கிறது என்றால் வாசன். நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கி எடுக்கிறவர் என்றால், சரி, யோசிக்கவே வேண்டாம், செட்டியார்தான்.