முதல் பிரஷர் வாஷர்: கார்பன் பிரஷ் மோட்டாரா, இண்டக்‌ஷன் மோட்டாரா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மொட்டை மாடித் தட்டோடு, காம்பவுண்டுச் சுவர், வண்டி நிறுத்தும் இடத்துப் பேவர் பிளாக் எல்லாம் பாசியேறிக் கறுத்துக் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அதைக் கழுவித் தர ஆள் தேடும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. குறைந்த முதலீட்டில் இந்த வேலைக்கு வருபவர் முதலில் தடுமாறுவது, தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வாஷர் மெஷின் வாங்கும் கடையில்தான். ஏழெட்டாயிரத்துக்குக் கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷின் ஒரு பக்கம். இருபதாயிரத்தைத் தாண்டும் கனமான மெஷின் இன்னொரு பக்கம். பெட்டியின் மேல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) எண்தான் அச்சிட்டிருக்கும். நாங்கள் எடுத்தது கனமானது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். சின்னதே போதும் என்ற இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சின்ன மெஷினில் மிக்சியில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் மோட்டார். ஏழெட்டுக் கிலோதான் எடை, காது கிழியும் சத்தம், தண்ணீர் அடிக்கும் கன்னின் விசையை விட்டதும் தானாக நின்றுவிடும். பெரியதில் வீட்டு மோனோபிளாக் பம்பில் இருப்பது போன்ற இண்டக்‌ஷன் மோட்டார், அதோடு மூன்று செராமிக் பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளும் தண்டு) கொண்ட பித்தளைத் தலை பம்பு. எடை 30 கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். படியேற்ற இரண்டு பேர் வேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் வைத்துக் கட்டிக் கொண்டுபோகலாம்; ஸ்கூட்டரில் கொஞ்சம் சிரமம்.

பார் எண்ணுக்கு வருவோம். அழுத்தத்தை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600 ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய கிலோவாட் கிடைக்கும். பம்பில் ஏற்படும் இழப்புக்காக அதை 0.85 ஆல் வகுத்தால் மோட்டார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியும். 100 பார், 8 லிட்டர் என்றால் தண்ணீருக்கு 1.33, மோட்டாருக்கு 1.57 கிலோவாட், அதாவது 2 எச்பிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், 2 எச்பி மோட்டாரின் மேல் ‘180 பார், 12 லிட்டர்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரிப்புத்தான் வரும். அதற்குத் தண்ணீர்ப் பக்கம் மட்டுமே 3.6 கிலோவாட் வேண்டும். 2 எச்பி என்பது 1.5 கிலோவாட். நாசிலை (தண்ணீர் பீய்ச்சும் முனையை) அடைத்து எடுத்த உச்ச அழுத்தத்தையும், திறந்துவிட்டு எடுத்த உச்ச ஓட்டத்தையும் ஒன்றாக அச்சடித்துவிடுகிறார்கள்.

வீட்டு வேலைக்கு 100 பார் தாராளம். சொல்லப்போனால், பல இடங்களில் அதுவே அதிகம். தட்டோட்டின் சுண்ணாம்பு இணைப்பில் 15 டிகிரி கோணத்தில் விரியும் நாசிலைக் கிட்டத்தில் பிடித்தால் இணைப்பு பெயர்ந்துவிடும், அடுத்த மழையில் கூரை ஒழுகும். பேவர் பிளாக்கின் இடுக்கு மணலும் அப்படித்தான் பறக்கும். எனவே உண்மையில் காசு தருவது லிட்டர்தான். சின்ன மெஷின் நிமிடத்துக்கு 5.5 முதல் 6.5 லிட்டர் வரை தள்ளும். 2, 3 எச்பி இண்டக்‌ஷன் மெஷின் 8 முதல் 11 வரை. அழுத்தம் பாசியைப் பெயர்க்கும். பெயர்ந்த சேற்றை மழைநீர்க் குழாய் வரை அடித்துக்கொண்டு போவது ஓட்டம். ஓட்டம் குறைந்தால் ஆயிரம் சதுர அடி மாடியில் பின்னாலேயே ஒருவர் வைப்பரோடு தள்ளிக்கொண்டு வர வேண்டும். தரையைக் கோடு விழாமல் கழுவ உதவும் வட்டச் சுழல் தட்டும் 6 லிட்டரில் சோம்பலாகத்தான் சுற்றும்.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் பார்த்தால், மூன்று மடங்கு விலை கொடுப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமாக்குவது பழுதுபார்ப்பு. வேலை பேசிய நாளில் மெஷின் நின்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். கையில் இருப்பது ஒரே மெஷின் என்பதால் மாற்றும் கிடையாது.

சின்ன மெஷின் நிற்கும் விதங்கள் இவை. தொடர்ந்து அரை மணி ஓட்டினால் மோட்டார் சூடேறி வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் துண்டித்துவிடும். ஆறும் வரை காத்திருக்க வேண்டும். மாடி ஒன்றைக் கழுவவோ மணிக்கணக்கில் ஆகும். கார்பன் பிரஷ் தேயும். அது மலிவு, மாற்றுவதும் எளிது. ஆனால் தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் பிரஷ் உரசும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கருகும். கன்னை விடும்போது மோட்டாரை நிறுத்தும் மைக்ரோசுவிட்ச் அடிக்கடி கெடும் உறுப்பு: மெஷின் தானாக விட்டுவிட்டு ஓடினால் கன், ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அடுத்து இந்த சுவிட்ச். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பம்புத் தலை விரிந்தால்தான் கதை முடிகிறது. அந்தத் தலை தனியாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை புது மெஷினைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வாரண்டி அட்டையையும் படித்துவிடுங்கள். பெரும்பாலான சின்ன மெஷின்களில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும். தொழிலுக்கு ஓட்டினால் அந்த வாரண்டி செல்லாது.

இண்டக்‌ஷன் மெஷினும் பழுதாகும். வித்தியாசம், அதைத் திறக்க நம் ஊரிலேயே ஆள் இருப்பதில். மோட்டார் ஹம் என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பேரிங் சத்தம் போட்டால் 6204, 6205 போன்ற வழக்கமான அளவுதான். காயில் எரிந்தாலும், போர்வெல் மோட்டார்களை நம்பி வாழும் ஊர்களில் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமில்லை. பம்புத் தலையை அல்லன் கீ கொண்டு நாமே கழற்றலாம்.

பம்பின் உள்ளே கவனிக்க வேண்டியவை நான்கு: எண்ணெய், வாட்டர் சீல், ஆறு வால்வுகள், பிளஞ்சர். எண்ணெயை முதல் 50 மணி நேரத்தில் ஒரு முறை மாற்ற வேண்டும். பிறகு கையேடு சொல்லும் இடைவெளியில், பொதுவாக 300 முதல் 500 மணி நேரத்துக்கு ஒரு முறை. கண்ணாடித் துளையில் எண்ணெய் பால் போல வெளுத்துத் தெரிந்தால் ஆயில் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது, அன்றே நிறுத்துங்கள். தலைக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் வாட்டர் சீல் தேய்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு என்றால் வேலையை முடித்துவிட்டு மாற்றலாம், கோடாக ஒழுகினால் கூடாது. ஹோஸ் குதித்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் நடுங்கினால் மூன்று உள்வால்வு, மூன்று வெளிவால்வுகளில் ஏதோ ஒன்றில் மணல் சிக்கியிருக்கும். கழற்றி, கழுவி, மாட்டினால் சரியாகிவிடும். பிளஞ்சர் உடைவது அநேகமாக நம் கைத்தவறால்: தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடான செராமிக்கில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கன்னை மூடிவிட்டு மோட்டாரை ஓட விடுவதும் அப்படித்தான். கன் மூடியிருக்கும்போது தண்ணீரைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு வழியாக அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். போன் வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அழுத்தம் குறைந்ததும் பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டுவது இந்தத் தொழிலில் மிகச் செலவான அவசரம். வரிசையாகப் பாருங்கள்: முதலில் உள்வாய் வடிகட்டி, அடுத்து நாசில், பிறகு அன்லோடர், அதன் பின் வால்வு, கடைசியில் சீல். போர்வெல் தண்ணீரின் நுண்மணல் நாசில் துளையை அரித்துப் பெரிதாக்கும். துளை பெரிதானால் பம்பு நன்றாக இருந்தும் அழுத்தம் விழும். சில நூறு ரூபாய் நாசிலால் தீர வேண்டிய விஷயம் அது. 100 பார், 8 லிட்டருக்கு ஏற்ற நாசில் எண் 035. பச்சை நிற 25 டிகிரி நாசிலில் அது 25035 என்று பொறித்திருக்கும். 6 லிட்டர் மெஷினுக்கு 025 அல்லது 03. பெரிய மெஷினின் நாசிலைச் சின்னதில் மாட்டிவிட்டு ‘வேகம் வரவில்லை’ என்று தவிப்பவர்கள் நிறைய.

பெரிய மெஷினுக்குப் பலவீனங்களும் உண்டு: தண்ணீர்ப் பசி, மின்சாரப் பசி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயில் இறங்கும் தண்ணீர் பல வீடுகளில் 8 லிட்டரைத் தொடாது. பம்பு பட்டினி கிடந்தால் காற்றை உறிஞ்சி அதிரும், வால்வும் சீலும் குழி விழுந்து கெடும். வேலை பேசப் போகும்போதே 20 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் நிறைந்தால் 8 லிட்டர் மெஷினுக்குப் போதும். மூன்றரை நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு இரண்டேகால் லிட்டர் போல் குறைகிறது என்று அர்த்தம்; மிதவை வால்வு போட்ட 100 லிட்டர் டிரம் வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரம் தடையில்லாமல் ஓடும். உறிஞ்சு குழாய் முக்கால் அங்குலம், சுருங்காத வலை பின்னிய வகை, நீளம் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். டிரம்மைப் பம்பை விட உயரமாக வைத்தால் இன்னும் நல்லது.

மின்சாரத்தில் 2 எச்பி மெஷின் 10 ஆம்பியருக்கு அருகிலும், 3 எச்பி 14 ஆம்பியருக்கு அருகிலும் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள சின்ன சாக்கெட் ஆகாது. ஏசி, கீசர், வாஷிங் மெஷினுக்கான 16 ஆம்பியர் சாக்கெட் எங்கே என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், மூன்று கம்பி. 30 மீட்டருக்கு அதில் 3 எச்பி ஓடும்போது ஆறு வோல்ட் போல விழும்; 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பதினைந்து. மாலையில் ஏற்கெனவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் தெருக்களில் அந்த வித்தியாசமே மோட்டாரைத் திணற வைக்கும். ஈரத்தில் நின்று செய்யும் வேலை இது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய பெட்டி இல்லாமல் பிளக்கைச் சொருகவே வேண்டாம்.

கனத்துக்கு ஒரு வழி இருக்கிறது: மெஷினை மாடியேற்றாதீர்கள். கீழேயே டிரம்மோடு வைத்துவிட்டு ஹோஸை மட்டும் மேலே கொண்டுபோங்கள். 30 மீட்டர் ஹோஸின் உள்விட்டம் 6 மில்லிமீட்டராக இருந்தால் 8 லிட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 12 பார் வழியிலேயே கரையும். 8 மில்லிமீட்டர் என்றால் 3 பார்தான். ஹோஸில் கூடுதலாகப் போடும் காசு வீண்போகாது.

சின்ன மெஷின் வெல்லும் இடங்கள்: அடுக்குமாடிக் குடியிருப்பில் பால்கனி, ஜன்னல் கிரில், கொசுவலை, ஒரு கார். லிஃப்டில் போய், குறைந்த தண்ணீரில், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைகள். வாரத்துக்கு இரண்டு வேலைதான் வரும் என்றாலும் அதுவே போதும். பாசி வேலையிலும் அதற்கு ஒரு துணை உண்டு. கடையில் 10 முதல் 12 சதவீதத்தில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஒன்றுக்கு நான்கு தண்ணீர் கலந்து, வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானால் அடித்துப் பத்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் பாசி செத்துவிடும். பிறகு அலசுவதற்குக் குறைந்த அழுத்தமே போதும். செடிகளை முன்கூட்டியே நனைத்துவிடுங்கள். அந்தத் திரவத்தைப் பம்புக்குள் விடாதீர்கள். அலுமினியத்தையும் பித்தளையையும் அது தின்னும். தரை கழுவும் ஆசிட் காய்ந்திருக்கும் இடத்திலும் அடிக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பெட்ரோல் மெஷினைப் பலர் கேட்கிறார்கள். மின்சாரமே இல்லாத புதுக் கட்டடத்துக்கு அது சரி. குடியிருப்புத் தெருவில் சத்தமும் புகையும் புகாரில் முடியும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் பிசினேறும். தினமும் ஓட்டினால் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை வாடகைக்கு விடுபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பழக்கம் அதில் குறைவு. வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெல்ட்டில் ஓடும் எச்டிபி பம்பு உழைப்பாளிதான், உதிரிகளும் மலிவு. ஆனால் அழுத்தம் 30, 40 பார்தான். தண்ணீரும் நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில் குடிக்கும். வீட்டுத் தொட்டி தாங்காது.

இண்டக்‌ஷன் என்று முடிவானால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். உறிஞ்சு குழாயை 20 லிட்டர் பக்கெட்டில் போட்டு, நாசில் மாட்டிய கன்னை அழுத்திப் பிடியுங்கள். 8 லிட்டர் மெஷின் என்றால் இரண்டரை நிமிடத்தில் பக்கெட் காலியாக வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கேஜ் முள் ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு அந்தப் பம்புக்கான சீல் கிட்டையும் வால்வு கிட்டையும் எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள், மெஷினோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். ‘ஆர்டர் போட்டால் அடுத்த வாரம் வரும்’ என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.