'சேதன நாற்றுப் பெட்டி' வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் பல்கனியிலும் மொட்டைமாடியிலும் நாற்றுப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'நூறு வீதம் சேதன நாற்றுப் பெட்டி' என்று பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நாற்றுத் தட்டு ஒன்று, தும்புச்சோற்றுக் கட்டி (தேங்காய் மட்டைத் துகளை அழுத்திச் செய்தது), ஒரு பை கூட்டெரு, ஐந்து வகை விதை, ஒரு போத்தல் 'பஞ்சகவ்யம்'. டிலிவரியோடு 6,800 ரூபாய். நான் வாங்கினேன். காசும் போனது, அந்தப் போகமும் போனது.

வெள்ளவத்தையில் தொடர்மாடிகளில் இருக்கிற நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, இரத்மலானைப் பக்கம் தெரிந்த ஒருவரின் வெறுங்காணியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து எடுத்திருக்கிறோம். எங்களுக்குள் கட்டுப்பாடு ஒன்றுதான்: இரசாயனப் பசளையும் மருந்தும் உள்ளே வரக்கூடாது. ஒருவர் பாத்தியில் போடுவது மழையோடு அடுத்தவர் பாத்திக்குத்தானே போகும். அதனால் நாற்றையும் வீட்டில் அப்படியே வளர்க்க வேண்டும். ஐப்பசி மழையோடு கன்று நடுவதென்றால் புரட்டாசி பிறக்கும்போதே விதை தட்டில் இருக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாலைந்து கிழமை தட்டிலும் கப்பிலும் நின்றுதான் நடுகிற பருவத்துக்கு வரும். பிந்தினால் பிந்தினதுதான்.

பெட்டி வந்தது. முதலில் விதையைப் பார்த்தேன். கடதாசி உறையில் அழகான கையெழுத்தில் 'யாழ்ப்பாணத்து நாட்டுக் கத்தரி' என்று இருந்தது. உள்ளே இருந்த விதை முழுக்க இளஞ்சிவப்பு, விரலில் தேய்த்தால் நிறம் ஒட்டியது. கத்தரி விதை மங்கலான மஞ்சளாக இருக்கும் என்பது ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "அக்கா, அது பீட்ரூட் சாறு கோட்டிங். முளைப்புக்கு நல்லது."

பீட்ரூட்! அப்படி நிறம் பூசுவது வழக்கமாகத் தீரம், கப்டான் போன்ற பூஞ்சணக் கொல்லி போட்ட விதைக்கு. யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது, கோழிக்குப் போட்டுவிடக் கூடாது என்ற எச்சரிக்கைக்காகத்தான் அந்த நிறம். நிறம் பூசிய விதை போலி என்று நான் சொல்லவில்லை, நல்ல கொம்பனி விதையும் அப்படி வரும். அதைப் பைக்கற்றிலிருந்து கொட்டி, மருந்து போட்டது என்ற விபரத்தை மறைத்து, கடதாசி உறைக்கு மாற்றிச் சேதனம் என்று விற்பதுதான் களவு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒழுங்கான பைக்கற்றில் இன்ன இனம், முளைதிறன் இவ்வளவு வீதம், பொதி செய்த திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் அச்சிட்டிருக்கும். என் கையில் இருந்த உறையில் ஒரு பூப்படம் இருந்தது.

அடுத்தது கூட்டெரு. பையைத் திறந்ததும் மூக்கில் காரம் ஏறியது, அமோனியா நெடி. நன்றாக மக்கிய கூட்டெருவில் மழை பெய்த மண் வாசம்தான் வரும், கையை வைத்தால் சூடும் இருக்காது. கிளறிப் பார்த்தபோது சவ்வரிசியை விடச் சிறிய வெள்ளை மணிகள் அங்கங்கே தெரிந்தன. பொறுக்கி எடுத்து ஒரு தேக்கரண்டியில் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டேன். மணிகள் கரைந்து போயின, கரண்டியின் அடிப்பக்கம் சில்லென்று குளிர்ந்தது. யூரியா கரையும்போது சூட்டை உறிஞ்சும். பசளைக் கடை வைத்திருந்த என் மாமா சின்ன வயதில் இதைச் செய்து காட்டியிருக்கிறார். தண்ணீரில் போட்டுக் குளிர்வதெல்லாம் யூரியா என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் சேதனக் கூட்டெருவுக்குள் அப்படி ஒரு வெள்ளை மணிக்கு என்ன வேலை?

தும்புச்சோறு இன்னொரு கதை. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும், உவர் நீரில் ஊறப்போட்டதாக இருந்தால் இன்னும் கூட. பல தண்ணீரில் கழுவிய பிறகுதான் அது நாற்றுக்கு ஆகும். 'கழுவியது' என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஊறவைத்துப் பிழிந்தபோது பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வந்தது, இரண்டாம் தண்ணீரும் அதே நிறம்.

அந்தப் போத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பஞ்சகவ்யம் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் புளிக்கிற சாமான், மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். இது தெளிந்த நீலப்பச்சைத் தண்ணீர், வாசம் கிடையாது. 'முதல் நாளிலிருந்து தெளிக்கவும்' என்று வேறு போட்டிருந்தது. விதை தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தன்னோடுதான் கொண்டு வருகிறது. முளைக்கும்போது வருகிற வித்திலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மையான இலை வரும்வரை எந்தத் தெளிப்பும் தேவையில்லை. நாற்றுக் கலவை சத்துக் குறைந்ததாக இருப்பதுதான் நல்லது.

இவ்வளவும் தெரிந்த பிறகு விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்டேன். "போட்டுப் பாருங்க அக்கா, முளைக்காட்டி முழுக்காசும் தாறம்" என்றார். சரி, ஆதாரத்துக்காவது இருக்கட்டும் என்று தட்டின் பாதியில் அவர் கலவை, மீதிப் பாதியில் என்னிடம் பழைய கூட்டெருவும் கழுவிய தும்புச்சோறும் ஆற்று மணலும் கலந்தது. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய விதையை இரண்டு பக்கமும் போட்டேன். தண்ணீரும் வெயிலும் ஒன்றுதான். என் பக்கம் நிமிர்ந்து நின்றது. அவர் பக்கத்தில் முளைத்தது குறைவு, முளைத்ததிலும் வித்திலையின் நுனி பழுப்பாகிக் கருகி உள்ளே சுருண்டது.

படத்தைப் பார்த்துவிட்டு, "அது நாற்றழுகல், நீங்க தண்ணி கூட விட்டிருக்கிறீங்க" என்று பழியை என் மேல் போட்டார். நாற்றழுகல் எப்படி இருக்கும் என்று நாற்றுப் போட்ட எவருக்கும் தெரியும். தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நீர் கோத்து, நூல்போல மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே கன்று சரிந்து விழும். இலை ஓரம் முதலில் கருகுவது உப்பு அல்லது பசளைச் சூடு. இதை எழுதி அனுப்பினேன். அதன் பிறகு பதில் இல்லை. அவர்களின் பக்கத்தில் நான் இட்ட கருத்து அழிக்கப்பட்டது, வட்ஸ்அப்பில் அவர் படமும் மறைந்தது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற இலக்கத்துக்கு, அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டும் விற்றவரின் பெயர் விலாசமும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்ட சிலிப்பும் வட்ஸ்அப் உரையாடலும். எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடை விலாசம் இல்லாதவரை எங்கே போய்ப் பிடிப்பார்கள் என்பது வேறு கேள்வி.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த ஆண்டே நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்தக் காலத்தில்தான் சேதனம் என்ற சொல் கொழும்பில் வியாபாரப் பெயர் ஆனது என்று நினைக்கிறேன். அப்போது சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையையே தாவரத் தொற்றுத் தடுப்புக் காப்புப் பகுதி கிருமி இருக்கிறதென்று நிராகரித்தது. கப்பல் சரக்கைச் சோதிக்க ஆய்வுகூடம் இருந்தது. பார்சலில் வருகிற பையை நாம்தான் மோந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சேதன உற்பத்திக்கென்று எஸ்.எல்.எஸ். 1324 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. 'சேதனம்' என்று யாராவது விற்றால், யார் சான்றிதழ் கொடுத்தது, இலக்கம் என்ன என்று காசு போட முன்னமே கேளுங்கள். சான்றிதழ் இல்லாத சின்ன உற்பத்தியாளர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு, எங்கள் பாத்திக்குக் கூட்டெரு தருகிறவரே அப்படித்தான். ஆனால் அவர் குவியலைக் காட்டுவார், என்னென்ன போட்டார் என்று சொல்லுவார். சந்தேகமென்றால் ஒரு பிடி பயறு போட்டுப் பாருங்கள். இரண்டு யோகட் கப், ஒன்றில் வாங்கிய கலவை, மற்றதில் உங்கள் மண். பயறு சில நாளிலேயே முளைத்துவிடும், கலவையில் கோளாறு இருந்தால் அதிலேயே தெரியும்.

விதைக்கு நான் இப்போது விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்துக்குத்தான் போகிறேன். கத்தரியில் தின்னவேலி ஊதா என்று அவர்கள் சிபாரிசு செய்த இனமே இருக்கிறது, ஊர்க் கத்தரி தேடுகிறவர்கள் அதைக் கேளுங்கள். அங்கேயும் மருந்து போட்ட விதை வரலாம், கேட்டு வாங்க வேண்டும். பயிர்ச் சந்தேகத்துக்கு 1920 என்ற அவர்களின் ஆலோசனை இலக்கம் இருக்கிறது.

நான் வாங்கிய பக்கம் இப்போது திறப்பதில்லை. அதே பெட்டிப் படம், அதே கையெழுத்து உறைகளோடு வேறு பெயரில் ஒன்று ஓடுகிறது. இந்த முறை கறிமிளகாய், பாகல், பயிற்றங்காய் விதைகளாம். காசு முன்கூட்டி, தனியாள் கணக்குக்கு, பொருள் கையில் கிடைத்த பிறகு கொடுக்கும் முறை இல்லை. போத்தலில் இருப்பது இன்னும் நீலப்பச்சைதான்.