சேலத்துல எல்சி-எம்எஸ் டெஸ்ட் குடுக்கறவங்க கவனத்துக்கு (5க்கு 3 ஸ்டார்)

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு சேலம் டவுன்ல ஒரு பிரைவேட் லேப்ல சாம்பிள் குடுத்தோம், பேர் வேண்டாம். ஏற்காடு காபி குடிச்சவங்க எச்சில்ல காஃபீன் என்னென்னவா மாறியிருக்குன்னு பார்க்கணும், அவ்ளோதான் வேலை. (எல்சி-எம்எஸ்னா கலவையில இருக்கறத ஒண்ணொண்ணா பிரிச்சு, ஒவ்வொரு மூலக்கூறோட எடையையும் அளக்கற டெஸ்ட்.) எஸ்டேட்லயே எடுத்து ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில வச்சு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி கொண்டாந்தோம், வாங்குன தம்பி உடனே டெம்பரேச்சர் பார்த்து லேபிள் ஒட்டி ஃப்ரீசர்ல வச்சுட்டாப்ல. அதுக்கு ஃபுல் மார்க்.

மெஷினும் நல்ல க்யூ-டாஃப் தான், எடையை ரொம்பத் துல்லியமா அளக்கற வகை. ரிப்போர்ட்லதான் கோட்டை விட்டுட்டாங்க. தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு குடுக்கற மருந்தும் இதுதான்) எக்கச்சக்கம்னு வந்துச்சு, எங்க கைடு பார்த்துட்டு "யாருப்பா ஆஸ்துமா மாத்திரை போட்டுட்டு வந்து துப்புனது?"ங்கறார்.

விஷயம் என்னன்னா, கல்லீரல்ல சிப்1ஏ2ங்கற என்சைம் காஃபீன்ல ஒரு மீதைலை (ஒரு கார்பனும் மூணு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கழட்டி விட்டுரும், மெஷின் காட்டற எடை 195 வந்து 181 ஆயிரும். எந்த மீதைல் கழண்டுச்சோ அதப் பொறுத்து பாராசாந்தின், தியோப்ரோமின், தியோஃபிலின்னு மூணு, அதுல 80 சதவீதத்துக்கு மேல பாராசாந்தின்தான். மூணுக்கும் ஒரே ஃபார்முலா, அதனால எவ்ளோ காஸ்ட்லி மெஷினா இருந்தாலும் 181.0720ன்னுதான் காட்டும். மெஷினுக்குள்ள மூலக்கூறை உடைச்சு துண்டோட எடையைப் பார்த்தா தியோப்ரோமின் மட்டும் 138 குடுத்து தனியா மாட்டும், மத்த ரெண்டும் 124 தான், ரெட்டைப் புள்ளைங்க கணக்கா. அதுங்கள கிரோமட்டோகிராஃபியில, அதாவது ஒரு குழாய்க்குள்ள ஓட விட்டு வெளிய வர்ற நேரத்தை வச்சு, பிரிச்சாத்தான் உண்டு. இவங்க 3 நிமிஷ ரன்ல ஓட்டி ரெண்டையும் ஒரே பீக்கா (கிராஃப்ல வர்ற முகடு) விழ வச்சு, சாஃப்ட்வேர் லைப்ரரி (தெரிஞ்ச பொருள்களோட பட்டியல்) காட்டுன மொதப் பேரை அப்படியே தூக்கிப் போட்டுட்டாங்க.

போன் பண்ணா "மேட்ச் ஸ்கோர் நல்லாத்தானேங்க இருக்கு"ன்னு ஒரே பாட்டு. அப்புறம் சீனியர் மேடம் ஒருத்தங்க லைன்ல வந்தாங்க, ஒரு நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டாங்க. நீளமான பிரிப்புக் குழாய் (column) மாட்டி, கிரேடியன்ட்டை (கரைப்பான் கலவை மாறற வேகத்தை) மெதுவாக்கி, ரெண்டு ஸ்டாண்டர்டையும் (சுத்தமான பாராசாந்தின், தியோஃபிலின்) பக்கத்துலயே ஓட்டினாங்க. பீக் ரெண்டாப் பிரிஞ்சுச்சு, பெருசு பாராசாந்தின் ஸ்டாண்டர்டோட டயத்துலயே வந்து நின்னுச்சு, தியோஃபிலின் இருக்கற எடத்துல சும்மா ஒரு மேடு. ரீ-ரன்னுக்கும் காசு கேட்டாங்க பாருங்க, பேசிப் பேசி பாதியாக்குனோம்.

குடுக்கறதா இருந்தா அந்த மேடம் இருக்கற நேரமா போங்க, ஸ்டாண்டர்ட் சேர்த்து ஓட்டுவீங்களான்னு மொதல்லயே கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க, ரா டேட்டாவும் கேளுங்க, பிடிஎஃப் மட்டும் குடுத்து அனுப்பப் பார்ப்பாங்க. வண்டி நிறுத்த எடம் கிடையாது.