அனுராதபுரம் சிறைக்குப் போய்வர ஒரு வாடகை வான்
தம்பி அனுராதபுரம் சிறையில் இருக்கிறான். முன்பு பஸ்ஸில்தான் போவோம்; புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம், அப்புறம் ஏ9 வீதியால் வவுனியா, அங்கே இறங்கி இன்னொரு பஸ், போய்ச் சேரும்போது அம்மாவின் கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஒருமுறை பஸ் பிந்தி, பார்வை நேரம் முடிந்து, கட்டிக்கொண்டு போன உடுப்புப் பொதியோடு அப்படியே திரும்பினோம்.

இப்போது ஊர் வான் ஒன்றில் நாலு குடும்பம் சேர்ந்து காசைப் பிரித்துப் போகிறோம். சாரதி அண்ணை விடிய மூன்று மணிக்கே வந்துவிடுவார், ஏறும்போதே அடையாள அட்டை எடுத்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் எந்தப் பொருளை உள்ளே விடுவார்கள் என்று வாசலில் விசாரித்துச் சொல்வார், அதற்குத் தனியாகக் காசு வாங்கமாட்டார். வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், தண்டனை பெற்றவர்களுக்கு அப்படியில்லை என்று எங்களுக்கு முதலில் விளக்கியதும் அவர்தான்.

பின் சீற்றில் கால் நீட்ட இடமில்லை, வயதானவர்களை முன்னுக்கு இருத்துங்கள். திரும்பும்போது மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்துவார். வழியில் யாரும் அதிகம் பேசமாட்டோம், அவரும் பாட்டுப் போடமாட்டார்.