தரம்பிரித்த பெலட்டா, ஒரே பேட்ச் பெலட்டா?

வெளிநாடுகளில் கைத்துப்பாக்கிப் போட்டியாளர்கள் பலர், தோட்டாவைத் தாங்களே அடைத்து, மருந்தின் அளவையும் குண்டின் எடையையும் சிறிது சிறிதாக மாற்றிச் சோதித்துத் தமக்கு ஏற்றதைக் கண்டடைகிறார்கள். மலேசியாவில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா அடைக்க 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தராது. ஆகவே சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்திலிருந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குத் தயாராகிறவரின் கையில் இருப்பது பெலட்டை, அதாவது காற்றுத் துப்பாக்கியில் போடும் சிறு ஈயக்குண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டுமே. எங்கள் சங்கத்தில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மலிவான பயிற்சிப் பெலட்டை வாங்கி, ஒவ்வொன்றாக எடைபோட்டுத் தரம்பிரித்துப் போட்டிக்கு எடுத்துச் செல்வது ஒன்று. போட்டித்தரப் பெலட்டை ஒரே பேட்ச் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து, மொத்தமாக வாங்குவது மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டவன், அதற்கே சார்பாக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பயிற்சிப் பெலட் மலிவு, போட்டிப் பெலட் அதைவிடக் கூடுதல். ஒரு டப்பாவில் பெரும்பாலும் 500 பெலட் இருக்கும். போட்டியின் 60 சுடுகளும் முன்னோட்டச் சுடுகளும் சேர்ந்தாலும், ஒரு டப்பா ஐந்தாறு போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். தலைப்பகுதியின் விட்டத்தைப் பொறுத்தவரை, 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். எது பொருந்தும் என்பதை அந்தந்தத் துப்பாக்கியின் குழல்தான் சொல்லும்.

தரம்பிரிப்பவர்கள் முன்வைக்கும் வாதம் எடை. எங்கள் சங்கத்தின் மூத்த அண்ணன் ஒருவர் நகைக்கடைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, மாலை முழுவதும் பெலட்டுகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. ஏர் பிஸ்டலின் பெலட் வினாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பினால் சுமார் 22 மில்லிமீட்டர் கீழே இறங்கும். துப்பாக்கி தரும் ஆற்றல் மாறாதிருக்கும்போது, எடையில் 1 விழுக்காடு கூடினால் அந்த இறக்கமும் 1 விழுக்காடுதான் கூடும், அதாவது 0.2 மில்லிமீட்டர். எடை 4 விழுக்காடு வேறுபட்டால்கூட விலகல் 1 மில்லிமீட்டரைத் தொடாது. இலக்கு அட்டையின் பத்தாம் வளையமோ 11.5 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பெலட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி என்பதால், 4.5 மில்லிமீட்டர் பெலட்டின் மையம் 16 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் எங்கு விழுந்தாலும் பத்துதான். தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்களில் மட்டுமே புள்ளி கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தராசு காப்பாற்றித் தரும் அந்தச் சிறு அளவு கையின் நடுக்கத்தில் காணாமல் போய்விடும்.

சோதனையும் பெரும்பாலும் இதையே காட்டியது. துப்பாக்கியை மரத்துண்டுகளுக்கு இடையே, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பொருத்தி, பெலட் மாற்றும்போதெல்லாம் குழல் புதிய ஈயத்துக்குப் பழகும்வரை சில சுடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, அதன் பிறகு பத்துப் பத்தாகச் சுட்டோம். ஐந்து சுடுகள் கொண்ட ஒரு குரூப்பை, அதாவது ஒரே அட்டையில் விழுந்த துளைக் கூட்டத்தை வைத்து முடிவெடுப்பது சூதாட்டத்துக்குச் சமம். அதே டப்பாவின் அடுத்த ஐந்து வேறொரு கதையைச் சொல்லும். துளைகளின் வெளிஓரத்திலிருந்து வெளிஓரம் வரை அளந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால், மையத்திலிருந்து மையத்துக்கான விரிவு கிடைக்கும். புதிதாகத் திறந்த போட்டித்தரப் பெலட்டுக்கும், அன்றே தரம்பிரித்த பயிற்சிப் பெலட்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம், போட்டியின் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதாக இல்லை. இந்த அளவில் அண்ணனின் கிண்ணங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அது அன்றைய நிலவரம். சில மாதங்கள் கழித்து அதே இரு வகைப் பெலட்டுகளை மறுபடியும் வைஸில் ஏற்றியபோதுதான் இரண்டும் பிரிந்து நின்றன. எனக்கு முடிவைத் தந்தது இந்தப் பராமரிப்புக் கணக்குதான்.

பெலட் என்பது ஏறக்குறைய வெறும் ஈயம். ஈயத்துக்கு ஈரத்தைவிடப் பெரிய பகை கரிம அமிலங்களின் ஆவி. அருங்காட்சியகங்களில் ஈயப் பொருள்களை மர அலமாரியில் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். மரத்திலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி, காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடியைப் படியச் செய்கிறது. பால்மரப் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்த அமிலக் குடும்பம் புதிதன்று. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் பார்மிக் அமிலமும் ஈயத்தை அரிக்கக்கூடியது. கோப்பையிலேயே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலின் நாற்றத்திலும் இத்தகைய அமிலங்களே கலந்திருக்கின்றன. எங்கள் சங்கத்தின் பண்டக அறைக்குப் பின்னால் கட்டிப்பால் வாங்கும் கொட்டகை ஒன்று உண்டு. அறைக்குள் இருப்பதோ பழைய மர அலமாரி. ஆண்டு முழுவதும் புழுக்கமான நம் காற்றில், ஈயத்தைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

தரம்பிரிக்கும் வேலை, பெலட்டை இந்தக் காற்றுக்கு நேராகத் திறந்துவிடுகிறது. நிறுப்பதற்கு முன் ஈயத்தூள் போகப் பெலட்டைக் கழுவுகிறார்கள். அதோடு ஆலையில் பூசிய மெல்லிய மசகுப் படலமும் போய்விடுகிறது. பிறகு விரல் படுகிறது, கிண்ணத்தில் கொட்டப்படுகிறது, மூடி சரியாகப் பொருந்தாத பழைய டப்பாவுக்குள் போகிறது. மறுபடியும் எண்ணெய் தடவலாம் என்பார்கள். ஆனால் கையால் தடவும் எண்ணெய் ஒவ்வொரு பெலட்டிலும் ஒரே அளவாக அமைவதில்லை. எடையில் நீக்கிய வேறுபாட்டை எண்ணெயின் வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவந்ததாகத்தான் முடியும். அலமாரியில் இருந்த தரம்பிரித்த பெலட்டுகள் சாம்பல் பூத்து, சில வெள்ளையாகவே மாறி, வைஸில் தொடக்கத்தைவிடத் தெளிவாக அகலமான குரூப்பைத் தந்தன. அதே காலத்தில் திறக்கப்படாமல் இருந்த, அதே பேட்சின் மற்றொரு போட்டித்தர டப்பா, முதல் நாள் சுட்டதைப் போலவே சுட்டது.

மொத்தமாக வாங்குவதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒரே பேட்சில் பத்து டப்பாக்களை எடுத்தால், 5000 பெலட்டும் தீரும்வரை அவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. ஒரு பருவத்துக்குத் தேவையானதற்குமேல் நான் வாங்குவதில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, ஒரு நேரத்தில் ஒரே டப்பாவைத்தான் திறக்கிறேன். அந்தப் பையின் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் பையை மாற்றிவிடுகிறேன். அலமாரி என்றால் இரும்பு அலமாரியே நல்லது. வெள்ளைப் பொடி பூத்த பெலட்டைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். அது ஈயச் சேர்மம், மூச்சில் போகும் தூள். சிறுவர்கள் பயிற்சி பெறும் இடத்தில் அதை வைத்திருக்கவே கூடாது.

இவையெல்லாம் எங்கள் சங்கத்தின் அழுத்தக் காற்று பிஸ்டல்களில் பார்த்தவை. ஏர் ரைஃபிளில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளிதான், அங்கே 0.25 மில்லிமீட்டர் விலகலுக்கே 0.1 புள்ளி குறையும் என்பதால், தராசு வைத்திருப்பவரின் பேச்சை ரைஃபிள்காரர்கள் நான் கேட்டதைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கலாம். பிஸ்டல்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: 4.49, 4.50 இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி வைஸில் சுட்டுப் பாருங்கள். உங்கள் குழலுக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்த கையோடு, டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டி, அதே எண்ணில் மீதி இருப்பதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.