அடித்துண்டு மட்டும் மாற்றும் லாடம்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

என் குதிரை செவலையின் இடது முன்னங்காலில் நேற்று ஏறிய லாடத்தின் மேல்தகடு, எட்டாவது முறையாக அதே காலுக்குத் திரும்பியிருக்கிறது. ஆணி ஓட்டைகள் லேசாக நீண்டுவிட்டன. இன்னும் ஒரு சுற்று தாங்கும், அதற்குப் பிறகு பழைய இரும்புதான். அந்தத் தகட்டுக்கு அடியில் தேயும் துண்டுகளை எத்தனை முறை மாற்றினேன் என்பதை நோட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இந்த லாடத்தை நானே வரைந்து, வெட்டி, மரை போட்டு, இரண்டு குதிரைகளின் காலில் மூன்று வருடமாக ஓட்டுகிறேன். முதல் ஆறு மாதம் யார் கேட்டாலும் பிரமாதம், அடியை ஐந்தே நிமிடத்தில் மாற்றலாம் என்றேன். இப்போது யாராவது கேட்டால், உங்கள் குதிரை எந்தத் தரையில் நடக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.

நான் நினைத்தது எளிமையான விஷயம். தார்ச்சாலையில் தினமும் நடக்கும் குதிரைக்கு லாடத்தின் முன்நுனிதான் முதலில் தேயும். கால் எடுக்கும்போது கடைசியாகத் தரையை விடுகிற இடம் அது. நுனி தகரம் மாதிரி ஆகியிருக்கும், குதிப்பக்கம் பாதிக்குமேல் மிச்சமிருக்கும். ஆனாலும் முழு லாடத்தையும் கழற்ற வேண்டும். லாடம் வந்தால் ஆணியும் வரும், திரும்ப அடித்தால் குளம்பில் புது ஓட்டை. சுவர் கெட்டியான குளம்புக்கு இது ஒன்றும் செய்யாது. செவலைக்கு ஓரம் ஓரமாகப் பெயர்கிற குளம்பு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆறு ஆணி அடித்துக்கொண்டே போனால், அடுத்த முறை ஆணி பிடிக்க நல்ல இடம் கிடைக்காது. செருப்புக்கு அடி மட்டும் மாற்றித் தைக்கிறோமே, லாடத்துக்கு ஏன் முடியாது என்று அப்போதுதான் யோசித்தேன்.

இதை முதலில் யோசித்தவன் நானில்லை. மேல்லாடத்தை வழக்கம்போல ஆணியடித்துவிட்டு, கீழ்லாடத்தை மட்டும் கழற்றி மாட்டும் இரட்டை லாடத்துக்கு ஆஸ்கர் ஈ. பிரவுன் 1892இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். பனியில் வழுக்காமல் இருக்கத் திருகிப் போடும் முளைகளும் ஏறக்குறைய அந்தக் காலத்துச் சரக்குதான். வண்டிக் குதிரைகளே நகரங்களை ஓட்டிய காலம் அது. பனி உறைந்தால் மழுங்கிய முளையைக் கூராக்கக் குதிரையைப் பட்டறைக்கு இழுத்துப் போய் வரிசையில் நிற்க வேண்டும். முளையை மட்டும் மாற்ற முடிந்தால் அந்த வேலை மிச்சம். திருகு முளை இன்றுவரை தடை தாண்டலில் புழக்கத்தில் இருக்கிறது. இரட்டை லாடம் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஏன் பரவவில்லை என்பதை நானே கால் சுட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் வடிவம் இப்படி: 5 மி.மீ. கனத்தில் எஃகு மேல்தகடு, அதில் ஆறு ஆணி. அடியில் 6 மி.மீ. கனத்தில் லாட வடிவத்திலேயே ஒரே துண்டு, அதைப் பிடிக்க நான்கு எம்6 (6 மி.மீ. விட்டம்) திருகு. மொத்தம் 11 மி.மீ., வழக்கமான லாடத்தைவிட 3 மி.மீ. கூடுதல். கையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் சாம்பல் நிறக் குதிரையின் வலது காலில் இரண்டு திருகு தலையில்லாமல் நின்றது. லாடக்காரர் காலை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, மரை கழன்றது லாடத்துக்கா, உங்களுக்கா?”

“ரெண்டுக்கும்தான் அண்ணே” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்!

தப்பு என்னவென்று பிறகு புரிந்தது. 450 கிலோ குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது, ஒற்றைக் கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அதில் இறங்கும். ஒரு டன்னுக்கு மேல். அது நேராக மட்டும் இறங்குவதில்லை. கால் பதியும்போது முன்னோக்கி வழுக்குகிறது, எடுக்கும்போது பின்னோக்கி உந்துகிறது, திரும்பினால் முறுக்குகிறது. இத்தனையையும் நான்கு சின்னத் திருகுகளின் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். திருகின் வேலை இரண்டு தகட்டையும் சேர்த்து அழுத்துவது. பக்கவாட்டில் அறுக்கும் விசையை அது தாங்கக் கூடாது. இரண்டாவது வடிவத்தில் மேல்தகட்டின் அடியில் 2 மி.மீ. உயரத்துக்கு ஒரு படி விட்டேன். அடித்துண்டில் அதற்கேற்ற பள்ளம். இப்போது தள்ளுவதும் இழுப்பதும் படியின்மேல் விழுகிறது, திருகு சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறது. திருகையும் எம்8 ஆக்கினேன். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாகத் திருகு அறுந்தது மூன்றே முறைதான். மூன்றும் நான் அறுபடட்டும் என்று நினைத்த இடத்தில்.

அது என்ன கணக்கு என்று கேட்கலாம். ஆரம்பத்தில் கடையில் கிடைத்ததிலேயே மிகக் கடினமான 12.9 ரகத் திருகை வாங்கிப் போட்டேன். திருகு அசையவில்லை, மேல்தகட்டில் இருந்த மரைதான் வழித்துக்கொண்டு போனது. 5 மி.மீ. தகட்டில் எம்8க்கு எத்தனை மரை சுற்று கிடைக்கும்? சாதாரண மரையில் நான்கு. மரை போனால் தகடு போச்சு, தகடு போனால் ஆணியும் போச்சு. மாற்றும் பாகம் வைத்த நோக்கமே கெட்டது. இப்போது அதைவிட மிருதுவான 8.8 ரகம், நெருக்கமான மரை. ஏதாவது ஒன்று தோற்கத்தான் வேண்டுமென்றால் திருகு தோற்கட்டும். சட்டைப்பையில் பத்து திருகு எப்போதும் கிடக்கும்.

அடித்துண்டை ஒரே துண்டாக விடாமல் மூன்றாகப் பிரித்தது மூன்றாவது வடிவம். முன்நுனிக்கு ஒன்று, இரண்டு பக்கவாட்டுக்கும் ஒவ்வொன்று. நுனிக்கு மட்டும் கடினப்படுத்திய எஃகு. பக்கத்துண்டுகளை எஃகிலும், ரப்பர் மாதிரி இருக்கும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்கிலும் வெட்டி வைத்திருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்தப் பாலியூரிதேன் துண்டுதான். சாலையில் டொக் டொக்கென்று தலைக்குள் இறங்கும் சத்தம் பாதியாகிவிட்டது. வழவழப்பான தாரில் பிடிப்பும் நன்றாக இருக்கிறது. ஈரப்புல்லில் மட்டும் சோப்பு மாதிரி. ஒருமுறை சரிவில் செவலை முன்னங்கால் இரண்டும் விரிய நழுவியது, என் உயிரும் கூடவே நழுவியது. அன்றிலிருந்து புல்தரைக்குப் போகும் வாரத்தில் எஃகுத் துண்டு.

எதிர்பார்க்காமல் கிடைத்த லாபங்கள் இரண்டு. சாதாரண லாடத்தில் அடி தேயத் தேய ஆணித் தலையும் சேர்ந்து தேயும், ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகும். இதில் ஆணித் தலைகள் அடித்துண்டுக்கு மேலே மறைந்திருப்பதால் தேய்வதே இல்லை. ஆணி தளர்ந்து லாடம் ஆடுவது அனேகமாக நின்றுவிட்டது. ஆனால் ஏதாவது ஒரு ஆணி தளர்ந்தால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது, துண்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்து இப்போது கண்டுபிடிக்கிறேன். கணீரென்றால் சரி, சொத்தென்றால் கழற்று.

இன்னொன்று, செவலைக்குப் பின்னங்காலால் தன் முன்லாடத்தையே மிதிக்கும் பழக்கம். பழைய லாடத்தில் அப்படி மிதித்தால் லாடம் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வரும், குளம்புச் சுவரில் ஒரு சில்லையும் கூட்டிக்கொண்டு. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அதேபோல மிதித்தாள். டக்கென்று ஒரு சத்தம், இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டாள். இறங்கிப் பார்த்தால் உள்பக்கத் துண்டு ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருக்கிறது, மற்ற திருகு அறுந்திருக்கிறது. மேல்தகடு அசையவில்லை. ஆறு ஆணியும் குளம்பும் அப்படியே. தொங்கிய துண்டைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் உயரமாக நிற்கக் கூடாதென்று வெளிப்பக்கத் துண்டையும் கழற்றிவிட்டு, மெதுவாக நடத்திக் கூட்டிவந்தேன். மின்சாரத்துக்கு ஃபியூஸ் மாதிரி இது. அந்த நேரத்தில் கையில் திருகு கழற்றும் ஆலன் கீ இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

உயர வித்தியாசத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கத்துண்டு மட்டும் தேய்ந்துவிட்டது என்று அதை மட்டும் மாற்றினால், பழையதற்கும் புதியதற்கும் நடுவே 2 மி.மீ., 3 மி.மீ. சரிவு வரும். தேய்ந்த செருப்போடு ஒருநாள் முழுக்க நடந்து பாருங்கள், முட்டி சொல்லும். குதிரைக்கும் அதே மூட்டு வலிதான். ஆகவே எப்போதும் ஜோடியாக, முடிந்தால் இரண்டு முன்னங்காலுக்கும் சேர்த்து மாற்றுகிறேன். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்ததில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

சரி, ஐந்தே நிமிடத்தில் மாற்றலாம் என்று பெருமையடித்தேனே, அதற்கு வருவோம். மேசைமேல் வைத்து மாற்றினால் ஐந்து நிமிடம். குதிரையின் கால் என் இரண்டு முழங்காலுக்கு நடுவே இருக்கும்போது, ஒரு காலுக்கே இருபது நிமிடம் ஆகும். திருகுத் தலையின் குழிக்குள் மணலும் சாணியும் கெட்டித்துச் சிமென்ட் ஆகியிருக்கும். முதலில் ஆணி முனையால் நோண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். குதிரை காத்திருக்காது. எடையைக் குறைக்கலாமென்று ஒருமுறை மேல்தகட்டை அலுமினியத்தில் செய்தேன். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது. ஆனால் எஃகுத் திருகும் அலுமினியமும் ஈரத்தில் உரசிக்கொண்டிருந்தால் சும்மா இருக்குமா? தொழுவத்தில் மூத்திரம் ஊறிய வைக்கோலே போதும். ஆறே வாரத்தில் மரைக்குள் வெள்ளை மாவு பூத்து, திருகு வெல்டிங் வைத்ததுபோல இறுகிவிட்டது. துளைபோட்டு எடுக்கும்போது தகடும் வீண். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதை.

இப்போது செய்வது இது. மாட்டும்போது மரைக்குக் கெட்டியான கிரீஸ், தலைக்குழியில் மெழுகு தோய்த்த பஞ்சு. வாரம் ஒருமுறை, தேவையிருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு திருகையும் கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்குகிறேன். சலிப்பான வேலைதான். அதைச் செய்யத் தயாரில்லை என்றால் இந்த லாடம் வேண்டாம்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பழைய முன்லாடம் ஒன்று 380 கிராம். முதல் வடிவம் 520. காலின் கடைசி நுனியில் கூடும் 140 கிராமைக் குதிரை ஒவ்வொரு எட்டிலும் வீசித் தூக்க வேண்டும். சாம்பல் முன்னங்காலை அணிவகுப்புக் குதிரை மாதிரி உயர்த்தி நடக்க ஆரம்பித்தான். பார்க்க ஜோராக இருந்தது, மத்தியானத்துக்குள் களைத்துப்போனான். பக்கத்துண்டுகளைப் பாலியூரிதேனுக்கு மாற்றியதும் 430க்கு இறங்கியது. அதற்குக் கீழே என்னால் முடியவில்லை.

நான் செய்த பெரிய தப்பு லாடத்தில் இல்லை, காலண்டரில். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரை வளரும். லாடம் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும், ஆறு வாரத்துக்குச் சற்று முன்பின் அதைக் கழற்றிக் குளம்பைச் சீவத்தான் வேண்டும். தேய்ந்துபோன பழைய லாடம் இந்தக் கெடுவைத் தானே ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது. பாகம் மாற்றும் லாடம் ஞாபகப்படுத்தாது. அடி எப்போதும் புதிதாகவே இருக்கும், ஆணியும் இறுக்கமாக இருக்கும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முதல் வருடம் அப்படியே பத்து வாரம் விட்டுவிட்டேன். நுனி நீண்டு, லாடம் முன்னே நகர்ந்து, குதிப்பகுதி நசுங்கியது. செவலை சமதரையில் இடற ஆரம்பித்தாள். அப்போதும் திருகைத்தான் சந்தேகப்பட்டேன். லாடக்காரர் வந்து காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லாடத்தைத் தொடாமல் விரலால் குதியை மட்டும் தடவிக் காட்டினார். குளம்பின் நுனி மேலிருந்து முழுசாக வளர்ந்து இறங்க ஒன்பது மாதம், ஒரு வருடம் பிடிக்கும். அந்தப் பத்து வாரத்துக்கு அடுத்த வருடம் பாதி வரை பதில் சொன்னேன்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றும் பாகத்தால் யாருக்கு லாபம்? ஆறு வாரத்துக்குள் அடி தேய்ந்துபோகும் குதிரைக்கு. தார்ச்சாலையில் நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கும் செவலைக்கு நுனித்துண்டு மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு. நடுவில் ஆணியைத் தொடாமல் நுனியை மட்டும் மாற்றிவிடுகிறேன். அவளுடைய குளம்பின் ஓரம் இப்போது பெயர்வதில்லை, ஆணி அடிக்க இடம் தேட வேண்டியதில்லை. எனக்கு இந்த ஒன்றே போதும். சாம்பல் பெரும்பாலும் மண் தரையில்தான் வேலை செய்கிறான். ஆறு வாரம் கழித்துக் கழற்றினாலும் அவன் லாடத்தில் பாதிக்குமேல் மிச்சமிருக்கும். அவனுக்கு இத்தனை திருகும் கிரீஸும் வெறும் சுமை. பின்னங்காலுக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உந்தும் கால் அது, திரும்பும்போது முறுக்கும் கால். நான்கு மாதம் போட்டுப் பார்த்தேன், வாரம் தவறாமல் திருகு தளர்ந்தது.

அடுத்து மாற்றப் போவது நுனித்துண்டுக்கும் பக்கத்துண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை. 1 மி.மீ.தான் விட்டிருக்கிறேன், அதிலும் பொடிக்கல் ஏறி ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. நேர்வெட்டை விட்டுவிட்டுச் சாய்வாக வெட்டினால் கல் தானே வழுக்கி வெளியே வரும் என்று ஒரு கணக்கு. சாம்பல் போன மாதமே சாதாரண லாடத்துக்குத் திரும்பிவிட்டான். அவனுடைய பழைய நான்கு தகடுகளில்தான் அந்தச் சாய்வு வெட்டை முதலில் முயன்று பார்க்கப்போகிறேன்.