சொந்தமாகக் கட்டிய வண்டிக்கு அனுமதி: மூன்று வாசல்களில் எது உங்களுடையது?

வெல்டிங் மெஷினை ஆன் செய்யும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்த வண்டியின் சேஸி (எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம்) கம்பெனி செய்ததா, நீங்கள் செய்வதா? இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் அப்புறம். அனுமதிக்காக எந்த வாசலில் போய் நிற்பது என்பதைச் சேஸிதான் முடிவு செய்கிறது.

வாசல்கள் மூன்று. பழைய வண்டியின் பதிவை வைத்துக்கொண்டு மாற்றங்களை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவது ஒன்று. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற கிட்டை (மாற்றத்துக்கான பாகங்களின் தொகுப்பை) அப்படியே பொருத்துவது இரண்டாவது. புது வண்டியாகவே கொண்டுபோய்த் தனி வாகனச் சோதனைக்கு நிறுத்துவது மூன்றாவது.

முதல் வழியில் செலவும் அலைச்சலும் குறைவு, சறுக்கல் அதிகம். பிரிட்டனில் நெடுங்காலம் புழங்கிய புள்ளிக் கணக்கைப் பாருங்கள்: அசலாகவே இருந்தால் சேஸிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14-இல் 8 தேறினால் பழைய பதிவு எண் நிலைத்தது. வண்டியின் உயிரே இன்ஜின்தான் என்று நினைக்கிறோம். கணக்கில் அதற்குத்தான் கடைசி இடம். சேஸியை வெட்டி மாற்றிவிட்டால் மற்ற எல்லாம் அசலாக இருந்தாலும் பலன் இருக்கவில்லை, நேரே தனிச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. ஆகவே இன்ஜின் மாற்றம், பிரேக் மாற்றம் என்ற அளவில் நிற்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. முழுக்கப் புதிதாகக் கட்டிவிட்டு, உடைத்துப் போட்ட ஒரு வண்டியின் சேஸி நம்பரை அதில் ஏற்றுவதும் நடக்கிறது. அதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். பதிவேட்டில் இருப்பது ஒரு வண்டி, ரோட்டில் ஓடுவது வேறொன்று என்று ஆகிவிட்டால், விபத்தன்று இன்சூரன்ஸும் இல்லை, அடிபட்டவருக்கு நியாயமும் இல்லை.

கிட் வழிதான் பார்க்க மிக எளிது. இந்தியாவில் நடைமுறையில் திறந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, உற்பத்தியாளர் தந்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. சிஎன்ஜி, மின்சாரம் போன்ற மாற்றங்களுக்கு ஒப்புதல் பெற்ற கிட் உண்டு; அதையும் எந்த மாடலுக்கு ஒப்புதலோ அதில்தான் பொருத்த முடியும்.

ஜெர்மனியில் பிரச்சினை வேறு மாதிரி. ஸ்பிரிங்குக்கு ஒரு சான்று, அகலமான வீலுக்கு இன்னொரு சான்று. தனித்தனியே இரண்டும் சரி. ஒரே வண்டியில் இரண்டையும் சேர்த்தால், முழுச் சுமையில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசுமா என்று அந்தச் சான்றுகள் சொல்வதில்லை. அந்தக் கூட்டணிக்குத் தனி ஆய்வு தேவைப்பட்டுவிடும். சான்றிதழின் கடைசிப் பக்கத்து நிபந்தனைகளைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

மூன்றாவது வழி கடினம். சேஸியையே நீங்கள் கட்டியிருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். பிரிட்டனில் 2009 முதல் ஐவிஏ (தனி வாகன ஒப்புதல்) என்ற பெயரில் நடக்கும் சோதனையில், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டையை வண்டியின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது தொடும் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் இழைத்த பாடியில், கண்ணாடியைத் தாங்கும் ஒரு போல்ட்டின் மழுங்காத முனை அந்த உருண்டையைத் தொட்டால் அன்றைக்குப் பாஸ் இல்லை. அநியாயம் என்று தோன்றும். நடந்து போகிறவரின் தொடையில் அந்த முனை கிழித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், கோபம் போய்விடும்.

நியூசிலாந்தில் இப்படித் தேறிய வண்டியில் சான்றுத் தகடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். எதற்கெல்லாம் ஒப்புதல் என்பது வண்டியிலேயே இருப்பதால், அடுத்து வாங்குகிறவருக்கும் கவலை இல்லை. கலிஃபோர்னியாவில் கதையே வேறு: தனியாகக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும், வண்டியின் உருவமோ இன்ஜினோ ஒத்திருக்கும் மாடல் ஆண்டின் புகை விதி பொருந்தும். அங்கே வேலையின் தரத்தோடு வரிசையில் முந்துவதும் முக்கியம்.

இந்த வழியில் போகிறவர்கள் பெயிண்ட் அடிக்கும் முன்பே எல்லா வெல்டிங்கையும் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து, பாகங்கள் வாங்கிய ரசீதோடு தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கட்டியது என்பதற்குக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அவைதான். பெயிண்ட்டுக்கு அடியில் இருக்கும் வெல்டிங்கை எந்த ஆய்வாளராலும் பார்க்க முடியாது.